நறுக்கும் பலகைக்கு மரம் என்ற பெயர் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையலறையில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை ஒதுக்கிவிட்டு மரப்பலகைக்கு மாறுங்கள் என்று அதில் சொல்லியிருந்தது சரியான அறிவுரை. ஆனால் எந்த மரம், எப்படி அறுத்தது, எப்படி ஒட்டியது, மேலே என்ன பூசியது என்பவற்றில் ஒன்றைக்கூட அக்கட்டுரை தொடவில்லை. அதைப் படித்துவிட்டு எங்கள் குடியிருப்பில் மூன்று வீட்டார் கடையில் மரப்பலகை வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் ஒன்று நடுவில் விரிசல் விட்டது. மற்றொன்று கிண்ணம்போலக் குழிந்து, கத்தி படும்போதெல்லாம் மேடையில் ஆடுகிறது. மூன்றாவதில் பூசியிருந்த வார்னிஷ் செதில்செதிலாக உரிந்து, பூசணிக்காய்த் துண்டுகளோடு குழம்புக்குள் போய்விட்டது. அந்த மூன்றாம் வீட்டு அம்மையார் திரும்பவும் பிளாஸ்டிக் பலகையையே எடுத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்குச் சரியான பலகை கிடைக்கவில்லை என்பதே வருத்தம்.

என் தந்தையார் நாகர்கோவில் பக்கம் தச்சுவேலை செய்தவர். பதினேழு வயது வரை அவரோடு இழைப்புளி பிடித்தேன். பிறகு வடக்கே வந்து, ஃபரிதாபாத்தில் இரும்பு வார்ப்பாலைகளுக்கு மர அச்சுகள் செய்யும் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வார்ப்பு அச்சில் மரம் அரை மில்லிமீட்டர் சுருங்கினாலும் வார்ப்பு வீணாகும். ஆகையால் மரம் சுருங்குவதையும் விரிவதையும் நாள்தோறும் அளந்து பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

நம் வீடுகளில் நறுக்கும் பலகை என்ற ஒன்று முன்பு கிடையாது என்பதை முதலில் நினைவுபடுத்த விரும்புகிறேன். இருந்தது அரிவாள்மணை. அதில் வெட்டுவாய் நிமிர்ந்து நிற்கும், காய்தான் அதை நோக்கிப் போகும்; காலுக்கடியில் இருக்கும் மணைக்கட்டை உறுதியாக இருந்தால் போதும், கத்தி அதன்மேல் படுவதே இல்லை. அதனால் வெட்டுப்படும் மரம் எப்படி இருக்க வேண்டும் என்ற அறிவு நம் சமையலறைகளில் வளரவில்லை. அது வளர்ந்தது இறைச்சிக் கடைகளில். புளியமரத்தின் அடித்தண்டைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகம் மேலே இருக்குமாறு நிறுத்திய அந்தப் புளியங்கட்டையை நம்மில் பார்க்காதவர் இருக்க முடியாது. மேல்நாட்டுச் சமையல் நூல்கள் உயர்ந்த பலகை என்று புகழும் குறுக்குவெட்டு முகப் பலகையும் அதுவும் ஒரே தத்துவம்தான். மரத்தின் நார்கள் துடைப்பக் குச்சிகள்போலச் செங்குத்தாக நிற்பதால், கத்தி அவற்றை அறுக்காமல் அவற்றின் இடையே இறங்குகிறது. கத்தி விலகியதும் நார்கள் மீண்டும் நெருங்கிக்கொள்கின்றன. கத்தியின் கூரும் நெடுநாள் நிற்கிறது, கட்டையிலும் வெட்டுத்தழும்பு குறைகிறது. புளிய மரத்தில் நார்கள் ஒன்றோடொன்று பின்னி ஓடுவதால் கட்டை எளிதில் பிளப்பதும் இல்லை. இதைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அது நம் ஊரில் இருந்த அறிவு.

இனித் தில்லிக்கு வருகிறேன். மரப்பலகைக்கு இந்நகரத்தைப்போலக் கடுமையான சோதனைக்களம் குறைவு. மே மாதப் பிற்பகலில் வெப்பக்காற்று வீசும்போது காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஜூன் கடைசியில் பருவமழை வந்து, ஆகஸ்டில் அதுவே 80ஐத் தாண்டுகிறது. மரம் வெட்டப்பட்டு எத்தனை ஆண்டு ஆனாலும் காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. எடுக்கும்போது பருக்கும், விடும்போது சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. நார் ஓடும் நீளவாட்டில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஓரளவு இருக்கும். ஆண்டு வளையங்களைத் தொடர்ந்து சுற்றிப்போகும் திசையில் ஏறக்குறைய அதைப்போல இரு மடங்கு இருக்கும். ஓரடி அகலமுள்ள ஒரு தேக்குப் பலகை, வளையங்கள் படுக்கையாக அமையும்படி அறுக்கப்பட்டிருந்தால், தில்லியின் கோடைக்கும் மழைக்கும் இடையே அகலத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். விரிசல், குழிவு, ஆட்டம் ஆகிய மூன்றுக்கும் வேர் இந்த ஒன்றுதான்.

இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. தில்லிக்கு வந்த புதிதில், என் மனைவிக்காக ஓர் ஆகஸ்டு மாதத்தில் ஒரே அகலப் பலகையில் காய் நறுக்கும் பலகை ஒன்று செய்தேன். வளையாமல் இருக்கட்டும் என்று இரு முனைகளிலும் குறுக்கே சட்டம் வைத்து, பசையும் தடவித் திருகாணியும் முடுக்கினேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. அடுத்த மே மாதம் ஓர் இரவு சமையலறையிலிருந்து பட்டாசு வெடித்ததுபோல் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தால் பலகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிளந்திருந்தது. பலகை அகலத்தில் சுருங்க விரும்பியது. குறுக்குச் சட்டத்துக்கோ அதே திசை நீளவாடு, ஆகவே அது சுருங்கவில்லை. சுருங்க விடவும் இல்லை. மரத்தைக் கட்டிப்போட்டால் அது தன்னையே கிழித்துக்கொள்ளும் என்று தந்தையார் சொன்னது அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இன்றும் பல கடைகளில், உறுதிக்கு அடையாளம் என்று சொல்லி, முனைகளில் குறுக்குச் சட்டம் ஒட்டிய பலகைகளை விற்கிறார்கள். அத்தகைய பலகையை வாங்க வேண்டாம் என்று வாசகர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் வளையாமல், பிளக்காமல் இருக்க என்ன வழி? வழி எளியது, அதற்கு விலையுயர்ந்த மரமும் தேவையில்லை. மரக்கடைகளில் கிடைக்கும் பலகைகளில் பெரும்பாலானவை வளையங்கள் படுக்கையாக ஓடும்படி அறுக்கப்பட்டவை. முனையைப் பார்த்தாலே வளைகோடுகள் பலகையின் அகலத்தோடு படுத்திருப்பது தெரியும். அந்தப் பலகையை நீளவாட்டில் ஒடுங்கிய கீற்றுகளாக அறுத்து, ஒவ்வொரு கீற்றையும் கால் சுற்றுத் திருப்பிப் பக்கவாட்டில் நிறுத்தி ஒட்டினால், படுத்திருந்த வளையங்கள் நின்றுகொள்ளும். இப்போது பலகையின் அகலம், மரம் குறைவாகச் சுருங்கும் திசையில் அமைந்துவிடுகிறது. ஆகவே அகலத்தில் ஏற்படும் மாற்றம் ஏறக்குறைய பாதியாகிறது. கீற்றுகள் தனித்தனி என்பதால் ஒன்றின் வளைவை மற்றொன்று ஈடுசெய்கிறது. கத்தி படும் முகமும் சீராகத் தேய்கிறது. ஒரு ரம்பமும் நான்கு இறுக்கிகளும் உள்ள எந்தத் தச்சரும் செய்யக்கூடிய வேலை இது. நான் சொல்ல வந்தவற்றுள் வாசகர்கள் ஒன்றை மட்டுமே நினைவில் கொள்ள முடியுமானால், இதைக் கொள்ளட்டும்.

புளியங்கட்டையைப்போலக் குறுக்குவெட்டு முகம் மேலே வரும் பலகையும் இதிலிருந்து பிறப்பதுதான். ஒட்டிய பலகையைத் துண்டுகளாகக் குறுக்கே அறுத்து, நிமிர்த்தி, மறுபடி ஒட்ட வேண்டும். கத்திக்கு அதைவிட இதமான தளம் இல்லை. ஆனால் அது நீளம், அகலம் ஆகிய இரு திசைகளிலும் பருத்துச் சுருங்கும். தண்ணீரை உறிஞ்சுகுழல்போல இழுக்கும். குறைந்தது நான்கு செ.மீ. தடிமன் கேட்கும், அதை மட்டமாக்குவது தேர்ந்த கைக்கே கூடும். உணவகத்துக்கும், நாள்தோறும் இறைச்சி வெட்டும் வீட்டுக்கும் அது பொருந்தும். கூட்டு, பொரியல் செய்யும் வீட்டுக்குக் கீற்றுப் பலகையே போதும் என்பது என் கருத்து.

அளவைப் பற்றிச் சொல்கிறேன். கடைகளில் இருப்பவை ஒன்று வெங்காயம் ஒன்றை நறுக்கினாலே நிறைந்துவிடும் அளவுக்குச் சிறியவை. அல்லது காட்சிக்கு வைக்கத்தக்க பெரியவை. பலகையின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது பாத்திரம் கழுவும் தொட்டி. தொட்டிக்குள் சாய்த்துக் கழுவ முடியாத பலகை நாளடைவில் கழுவப்படாமலே போகும். எங்கள் குடியிருப்புகளில் உள்ள தொட்டிகளுக்கு 40 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் சரியாக இருக்கின்றன. தடிமன் 3 செ.மீ. போதும். தடித்த பலகையே நல்ல பலகை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஐந்து செ.மீ. பலகையை மேடைமேல் வைத்தால், உயரம் குறைந்த பெண்மணிகள் தோளைத் தூக்கிக்கொண்டு நறுக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரம் வாழைப்பூவோ கொத்தவரங்காயோ நறுக்கியவர்களுக்கு அந்த வலி தெரியும். மேற்சொன்ன அளவில் தேக்குப் பலகை ஏறக்குறைய 2 கிலோ 200 கிராம் இருக்கும். மேடையில் நகராத அளவுக்குக் கனம், ஒரு கையால் தூக்கிக் கழுவும் அளவுக்கு இலேசு.

இந்த அளவுக்கு எவ்வளவு மரம் தேவை என்பதையும் கணக்கிட்டுச் சொல்லலாம். ஒன்றரை அங்குலத் தடிமன், 15 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம் கொண்ட ஒரே துண்டு போதும். அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் 33 மி.மீ. அகலத்தில் நான்கு கீற்றுகள் எடுத்தால் மொத்தம் எட்டு. ஒன்றரை அங்குலத் தடிமன் இழைத்தபின் 35 மி.மீ. ஆகும், எட்டையும் திருப்பி நிறுத்தி ஒட்டினால் 28 செ.மீ. அகலம் கிடைக்கும். முப்பத்து மூன்றில் மூன்று மி.மீ. இழைப்பில் போய், தடிமன் 30 மி.மீ. ஆக நிற்கும். மொத்த மரம் கன அடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கீர்த்தி நகர் மரக்கடைகளில் கதவு நிலைக்கு அறுத்து மீந்த துண்டுகளிலேயே இது கிடைத்துவிடும். ஆகவே, புது மரம் வெட்ட வேண்டியிருக்கிறதே என்ற தயக்கம் யாருக்கும் வேண்டாம்.

எந்த மரம் என்ற கேள்விக்கு என் விடை: தில்லியில் கிடைப்பவற்றுள் தேக்கின் வைரப்பகுதி, அதாவது தண்டின் நடுவிலுள்ள கெட்டியான பகுதி. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரத்தைத் தாங்கும். மற்ற மரங்களைவிடக் குறைவாகவே அசையும். அதற்கு ஒரு குறையும் உண்டு. அதில் மணற்சத்து இருப்பதால் கத்தியைச் சற்று விரைவில் மழுங்கடிக்கும். அதைச் சாணை பிடித்துச் சமாளிக்கலாம். வேம்பும் நல்லது, தொடக்கத்தில் இருக்கும் வாசம் சில வாரங்களில் அடங்கிவிடும், பூச்சியும் அண்டாது. வட இந்தியாவில் எங்கும் கிடைக்கும் ஷீஷம், நம் ஊர் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. வலுவும் அழகும் உள்ளது. ஆனால் இவ்வின மரங்களின் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும் என்பதால், அதை இழைப்பவர் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். மாமரம் மலிவு, ஆனால் உளுக்கும், கறையும் பிடிக்கும். எந்த மரமானாலும் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதியை ஒதுக்கச் சொல்லுங்கள். வண்டு துளைப்பது அங்கேதான். பைன் போன்ற மென்மரங்களில் கத்தி ஆழப் பதியும். மூங்கில் பலகைகள் இப்போது மிகுதியாக விற்கின்றன. மூங்கில் புல்லினம், அதன் மெல்லிய சிம்புகளைப் பசையால் இறுக்கியே பலகை ஆக்குகிறார்கள், கத்திக்கும் அது கடினமான தளம். தில்லி முகட்டுக் காடெங்கும் பரவி நிற்கும் சீமைக் கருவேலமும் இழைத்தால் நல்ல வைரம் காட்டும் மரம்தான். ஆனால் கோணலில்லாத துண்டு கிடைப்பது அரிது. கிரானைட் மேடைமேலும் கண்ணாடித் தட்டின்மேலும் வைத்து நறுக்குவது கத்தியைக் கல்லில் தேய்ப்பதற்குச் சமம்.

மரம் உலர்ந்ததுதானா என்பதைக் கடைக்காரர் சொல்லை நம்பாமல் வீட்டிலேயே அறியலாம். ஈரமானி கருவி தேவையில்லை. துண்டைக் கொண்டுவந்து, அடியில் இரண்டு குச்சிகள் வைத்து, காற்றுப்படும்படி அறைக்குள் கிடத்துங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் இருந்தால் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். குறைந்துகொண்டே போனால் காத்திருக்க வேண்டும். கோடையில் தண்ணீர்க் குளிரூட்டி ஓடும் அறையில் வைத்துவிடாதீர்கள். அந்த எடை ஏமாற்றும். பலகை செய்யத் தக்க காலம் அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச். அப்போது மரம் மிகப் பருத்தும் இராது, மிகச் சுருங்கியும் இராது. இரு பக்கமும் அசைய இடமிருக்கும். என் முதற்பலகை மழைக்காலத்தில் பிறந்ததும் அது கெட்டதற்கு ஒரு காரணம்.

தச்சரிடம் பேசுவது பற்றி ஒரு சொல். எங்கள் பகுதிக்கு வேலைக்கு வரும் மிஸ்திரிகளில் பலர், மரச் செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற சஹாரன்பூரைச் சேர்ந்தவர்கள். கையில் மிகுந்த திறமை உள்ளவர்கள். ஆனால் அவர்களிடம் பலகை கேட்பவர்கள், கட்டிலும் அலமாரியும் கேட்பதுபோலப் பளபளப்பைத்தான் கேட்கிறார்கள். ஆகவே அவர்களும் ஆணி அடித்து, இடைவெளியில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். குற்றம் அவர்களுடையது மட்டும் அல்ல. நாம் கேட்க வேண்டியவை வேறு. ஆணியும் திருகாணியும் உள்ளே எங்கும் கூடாது. நாளை மேற்பரப்பை இழைக்கும்போது இழைப்புளியின் வாய் போய்விடும். ஒட்டும் விளிம்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடையே வெளிச்சம் தெரிந்தால் மீண்டும் இழைக்க வேண்டும், தூள் வைத்து அடைக்கக் கூடாது. தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரமாதலால், இழைத்த அன்றே ஒட்டிவிட வேண்டும். நாள் கடந்தால் எண்ணெய் மேலே வந்து ஒட்டைக் கெடுக்கும். கீற்றுகளில் நார் ஓடும் போக்கு எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக இருக்கட்டும். இல்லையேல் பிறகு இழைக்கும்போது பாதிக் கீற்றுகள் வழவழப்பாகவும் பாதி சிராய் எழுந்தும் நிற்கும்.

பசை நீரைத் தாங்கும் வகையாக இருப்பது கட்டாயம். நாற்காலிக்கும் மேசைக்கும் பயன்படும் சாதாரண வெள்ளைப் பசை, நாள்தோறும் கழுவப்படும் பொருளுக்கு ஆகாது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு வீண் துண்டுகளை அப்பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுதும் இறுக்கி வைத்து, பிறகு ஓர் இரவு தண்ணீரில் போட்டு, காலையில் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். மரம் பிய்ந்தால் பசை நல்லது. ஒட்டு மட்டும் வழுவி வந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

பலகையின் ஒரு முகத்தில் மட்டும், விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே, 3 அல்லது 4 மி.மீ. ஆழத்தில் ஓடை வெட்டுவது நன்று. தக்காளியும் மாம்பழமும் மீனும் நறுக்க அந்த முகம். வெங்காயத்துக்கும் கீரைக்கும் ஓடையில்லாத மறு முகம். ஓடையில் கீரைத் துணுக்குகள் சிக்கினால் கழுவுவது தொல்லை. இரு முகத்தையும் பயன்படுத்துவதால் அடியில் ரப்பர்க் கால் வைக்க முடியாது. ஈரத்துணி ஒன்றை மடித்து அடியில் விரித்தால் பலகை நகராது. குறுகிய பக்கங்களின் அடியில் விரல் நுழையும் அளவுக்குக் குடைந்துவிட்டால், கிரானைட்டில் ஒட்டிக் கிடக்கும் பலகையை எடுப்பது எளிதாகும். கூர்விளிம்புகளை எல்லாம் மழுக்கிவிட வேண்டும். உப்புத்தாளால் 80, 120, 180, 220 என்று ஏறுவரிசையில் தேய்த்தபின், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலர விடுங்கள். மரத்தின் மயிர் எழும்பும். மீண்டும் 220 எண் தாளால் மென்மையாகத் தேய்த்துவிட்டால், பிறகு தண்ணீர் பட்டாலும் எழும்பாது. இந்த ஒரு படியை ஏறக்குறைய எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

மேற்பூச்சைப் பற்றியே கேள்விகள் மிகுதியாக வருகின்றன. வார்னிஷ், மெலமைன், பாலிஷ் எதுவும் வேண்டாம்; கத்தி படும் இடத்தில் எந்தப் படலமும் நிலைக்காது. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ தடவினால் சில வாரங்களில் சிக்கு நாற்றம் எடுத்துப் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் கெடாது, ஆனால் தில்லிக் குளிரில் உறைந்து மேலே வெள்ளையாக நிற்கும். வண்ணக் கடையில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் உலர்த்துவதற்காக உலோக உப்புகள் சேர்ப்பது உண்டு. உணவு படும் பலகைக்கு அதை எடுக்கவே கூடாது. ஏற்றது, மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்காக விற்கும் லிக்விட் பாராஃபின். அது கெடாது, நாறாது, சுவையும் இல்லை. தொடக்கத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒருமுறை, முனைகளில் சற்று மிகுதியாகத் தடவுங்கள். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது முனைகள் வழியாகத்தான். பிறகு நான்கு பங்கு பாராஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு என்ற கணக்கில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் குழைத்த களிம்பைத் தேய்த்து, துணியால் வழித்துவிடலாம். தேன்மெழுகு 65 பாகைக்குள் உருகிவிடும். நேரடி நெருப்பில் வைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை எண்ணெய் காட்டினால் போதும், மே மாதத்தில் மட்டும் இருமுறை. மேலே தெளித்த தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் பரவி ஊறினால் எண்ணெய் கேட்கிறது என்று அறியலாம்.

மரம் கிருமியைத் தேக்கும் என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்தார்கள். மரப்பலகையில் விட்ட கிருமிகளைச் சிறிது நேரத்துக்குப் பின் மேற்பரப்பிலிருந்து மீட்பது கடினமாக இருந்தது. கத்தி கீறிய பிளாஸ்டிக்கிலோ அவை நீடித்தன, கழுவியும் எளிதில் போகவில்லை. அதற்காக மரத்தைக் கழுவாமல் விடலாம் என்று பொருளல்ல. இறைச்சிக்கும் மீனுக்கும் தனிப் பலகை இருப்பதே முறை. பிளாஸ்டிக்கைப் பற்றி 2023இல் வெளியான வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, அப்பலகைகளில் நறுக்குவதால் ஒருவருக்கு ஆண்டுக்குக் கோடிக்கணக்கான நுண்துகள்கள் உணவில் சேரக்கூடும் என்று மதிப்பிட்டது. எலியின் செல்களில் அத்துகள்களைச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க கேடு தென்படவில்லை என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. தங்கள் கட்டுரை முதற்பாதியை மட்டும் சொன்னது. இரண்டாவதையும் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிளாஸ்டிக்கைக் கைவிட அச்சம் ஒன்றே காரணமாக வேண்டியதில்லை. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் குப்பையில்தான் போட முடியும். மரத்தை ஒரு மில்லிமீட்டர் இழைத்து எண்ணெய் தடவினால் புதிதாகிவிடும், மூன்று செ.மீ. பலகையை எத்தனை முறை அப்படி இழைக்கலாம் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை சிலவே. ஊற வைக்காதீர்கள். கழுவியதும் இரு முகத்தையும் துடைத்து, பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள். ஈர மேடையில் கிடத்தினால் அடிமுகம் மட்டும் பருத்துப் பலகை குழியும். எங்கள் குடியிருப்பில் ஆடிக்கொண்டிருக்கும் அந்த இரண்டாம் பலகைக்கு நேர்ந்தது இதுதான். அதன் குழிந்த முகத்தில் ஈரத்துணி விரித்துச் சில நாள் வைத்ததில் பெரும்பகுதி நிமிர்ந்துவிட்டது. வாழைக்காயும் வாழைத்தண்டும் இரும்புக் கத்தியால் நறுக்கும் வீடுகளில் கருங்கறை விழும். கல்லுப்பும் எலுமிச்சை மூடியும் கொண்டு உடனே தேய்த்தால் பெருமளவு போகும். தேங்காயைப் பலகைமேல் வைத்து உடைக்க வேண்டாம்.

தாங்கள் இதழில் இவற்றுக்கு இடமளித்தால், தில்லித் தமிழ்க் குடும்பங்கள் மட்டுமன்றி, வெயிலும் மழையும் மாறிமாறி வாட்டும் பிற ஊர்களில் உள்ளோரும் தங்கள் தெருத் தச்சரிடம் தெளிவாகக் கேட்டுப் பலகை செய்துகொள்ள உதவும். எட்டுக் கீற்றுகளின் அளவும், வளையங்கள் எப்படி நிற்க வேண்டும் என்பதும் ஓடையின் இடமும் குறித்த கைவரைபடம் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். சொற்களைக் குறைக்க வேண்டி வந்தால் என் பழைய பலகையின் கதையை நீக்கிவிடுங்கள். வரைபடத்தை மட்டும் நீக்க வேண்டாம். மிஸ்திரியிடம் தமிழ்க் கடிதத்தைக் காட்ட முடியாது, வரைபடத்தைக் காட்டலாம்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
மயூர் விஹார், தில்லி.